முப்பத்தொரு கறுப்புப் படங்கள்

கமராவின் மெமரி கார்ட்டில் 31 படம் இருக்கிறது. முப்பத்தொன்றும் கறுப்பு. யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோ வைத்துக் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் தேர் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தவன், கனடா வரைக்கும் போய் எடுத்துக்கொண்டு வந்தது இதுதான். கடைக்கு வருகிறவர்கள் "அண்ணை, கிரகணப் படம் எங்கை?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

பிழை என்னுடையதுதான். ஆனால் பாதிப் பழியை யாழ்ப்பாணத்தின் மேலும் போடலாம். எங்களுக்கு கிரகணம் வீட்டு வாசலுக்கே வந்து பழக்கிவிட்டது.

2010 ஜனவரி 15, பட்டிப்பொங்கல் அன்று, கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்துக்கு மேலால் போனது. போர் முடிந்து எட்டு மாதம். மத்தியானம் ஒன்றரை மணியளவில் முற்றவெளியில் நின்றேன். அப்போது கிரகணக் கண்ணாடி எல்லாம் எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து வெல்டிங் கடையில் 14ஆம் நம்பர் கண்ணாடி ஒன்று கேட்டு வாங்கி, அதையே கமராவுக்கு முன்னாலும் ரேப் போட்டு ஒட்டினேன். எக்ஸ்ரே படத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் இருந்தார்கள். அது கண்ணுக்குக் கூடாது, வெல்டிங் கண்ணாடியிலும் நம்பர் குறைந்தால் கூடாது. சந்திரன் தூரத்தில் நின்றதால் சூரியனை முழுக்க மூட அதனால் முடியவில்லை. சுற்றிவர ஒரு வளையம் மிச்சம். சுமார் 10 நிமிடம் அப்படியே நின்றது. வெயிலுக்கு முன்னால் யாரோ மெல்லிய சீலை பிடித்ததுபோல் வெளிச்சம் ஒரு மாதிரி மங்கினது, அவ்வளவுதான். இருட்டவில்லை.

அடுத்தது 2019 டிசம்பர் 26. சுனாமியின் 15ஆம் ஆண்டு நினைவு நாள். காலை ஒன்பதரையை ஒட்டி வளையம் விழுந்தது, மூன்று நிமிடமளவில். இந்த முறை கொக்குவிலில் வீட்டு முற்றத்திலேயே நின்றேன். மேகம் விட்டுவிட்டு வந்தது. வெயில் எட்டிப்பார்த்த நேரம் வேப்பமரத்து நிழலைப் பார்த்தால், இலை இடுக்குகளால் விழுகிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன வளையல். முற்றம் முழுக்க யாரோ கண்ணாடி வளையல் பெட்டியைக் கவிழ்த்துவிட்டதுபோல. அம்மா அதைப் பார்க்க வரவில்லை. கிரகண நேரத்தில்தான் உலக்கை தானாக நிமிர்ந்து நிற்கும் என்று அவவுக்கு நம்பிக்கை, அவ உள்ளே தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் விட்டு உலக்கையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தா. நின்றது. நான் இரண்டு நாள் கழித்து, கிரகணமும் இல்லை ஒன்றும் இல்லை, அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் வைத்தேன். நின்றது. பூண் தட்டையாக இருந்தால் என்றைக்கும் நிற்கும் என்றேன். "அது உன்ர கை ராசி" என்று சொல்லிவிட்டு அம்மா உலக்கையைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினா.

ஆக, இரண்டு கிரகணம் பார்த்தவன் என்ற மண்டைக்கனம் எனக்கு. அந்த இரண்டிலும் கமராவின் பில்டரை, அதாவது முன்னால் போடுகிற கறுப்புக் கண்ணாடியை, ஒரு விநாடிகூடக் கழற்றவில்லை, கழற்றவும் கூடாது. வளையம் எவ்வளவு மெல்லியதானாலும் அது சூரியன். கைக்கு அந்தப் பழக்கம் ஊறிவிட்டது. பிழை முளைத்தது அங்கேதான்.

2024 ஏப்ரலில் அண்ணனுக்கு அறுபதாம் கலியாணம், ஸ்காபரோவில். விசா கிடைத்தது அதற்குத்தான். ஆனால் திகதியைப் பார்த்தவுடனேயே எனக்கு மற்றக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது: ஏப்ரல் 8, திங்கட்கிழமை, முழுச் சூரிய கிரகணம். ரொறன்ரோவில் முழுமை இல்லை, ஒரு கீற்று மிஞ்சும். நயாகராவில் முழுமை. அங்கே கூட்டம் வரும் என்று பயந்து அந்தப் பிராந்தியம் முன்கூட்டியே அவசரகால நிலை அறிவித்திருந்தது. நாங்களும் அங்கேதான் போவதாக இருந்தோம். ஞாயிறு இரவு பெறாமகன் கைபேசியில் மேகப் படத்தைப் பார்த்துக்கொண்டு வந்து, "சித்தப்பா, நயாகரா சரிவராது. மொன்றியல் போவம்" என்றான். அண்ணன் பேசினான். 540 கிலோமீற்றர் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிற விசர் யாருக்கும் உண்டோ என்று கேட்டான். அண்ணி ஒன்றும் பேசாமல் மட்டன் ரோல்ஸைச் சுற்றிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினா.

காலை நான்கு மணிக்கு வெளிக்கிட்டோம். 401 நெடுஞ்சாலை. கிங்ஸ்டன் வரைக்கும் வானம் சாம்பல் நிறம், அண்ணன் பின் சீற்றில் இருந்து "நான் சொன்னனான்" என்று இரண்டு தரம் சொன்னான். கியூபெக் எல்லைக்குக் கிட்ட வர மேகம் கிழிந்தது. மொன்றியலில் நீலம். நகருக்குள் முழுமை ஒன்றரை நிமிடத்துக்குள்தான், தெற்கே போகப்போகக் கூடும் என்று பெறாமகன் கணக்குப் பார்த்து, சென்ட் லோரன்ஸ் ஆற்றைக் கடந்து இன்னும் ஓடினான். ஒரு சின்னப் பூங்காவில் நிறுத்தினோம். மர நிழலில் இன்னும் பழைய பனி கிடந்தது. சுற்றிவரப் பிரெஞ்சு பேசுகிறவர்கள், மடக்குக் கதிரைகள், நாய்கள்.

மரங்களில் ஒரு இலை இல்லை. முற்றத்து வளையல்களை அண்ணிக்குக் காட்டலாம் என்று வந்தவனுக்கு அது ஒரு ஏமாற்றம். ஆனால் வீட்டிலேயே "ஓட்டை உள்ளதாக ஏதாவது எடுத்து வாங்கோ" என்று சொல்லியிருந்தேன், அண்ணி வடை வடிக்கிற கண்ணகப்பையைக் கொண்டுவந்திருந்தா. அதை ஒரு வெள்ளைப் பேப்பருக்கு மேலே பிடித்தால் வரிசை வரிசையாகப் பிறைகள். பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். பிறகு அந்தக் கண்ணகப்பை பூங்கா முழுக்க ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தது.

மூன்று மணிக்குப் பிறகு குளிர் கூடியது. முன்னரும் குளிர்தான், இது வேறு. வெளிச்சம் மஞ்சளாகாமல், பின்னேர வெயில்போல் சாயாமல், உச்சியில் இருந்தபடியே வற்றிக்கொண்டு போனது. நிழல்களின் ஓரம் சவர அலகுபோல் கூராக இருந்தது. தென்மேற்கு வானம் மழை இருட்டுப்போல் கறுத்தது. மூன்று இருபத்தாறு இருக்கும், கடைசிக் கீற்று ஒரு மணியாகச் சுருங்கி, மினுங்கி, அணைந்தது. தெரு விளக்குகள் எரிந்தன. கூட்டம் ஓவென்று கத்தியது.

"சித்தப்பா, கண்ணாடியைக் கழட்டுங்கோ!" என்று பெறாமகன் தோளில் தட்டினான். கழற்றினேன். என் கண்ணில் இருந்த கண்ணாடியை. கமராவின் கண்ணாடியை அல்ல.

மேலே கறுப்பாக ஒரு ஓட்டை. அதைச் சுற்றி வெள்ளை. படங்களில் பார்த்த ஒளிவட்டம் மாதிரி இல்லை அது. சூப்பிப் போட்ட பனங்கொட்டை வெயிலில் காய்ந்து, தும்பு நாலாபக்கமும் விரிந்து நிற்குமே, அப்படி. சூரியன் மும்முரமாக இருக்கிற காலம் என்பதால் தும்பு எல்லாப் பக்கமும் நீண்டிருந்தது. கீழ் விளிம்பில் ஒரு றோசாப் பொட்டு, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சூரியனில் இருந்து எழும்பிய தீப்பிழம்பு. வலது பக்கம் கீழே வெள்ளி பளிச்சென்று. இடது பக்கம் மேலே வியாழன். அடிவானத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலைச் செம்மை. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். வாயில் பாதி ரோல்ஸ், கடிக்காமல் அப்படியே நின்றான்.

என் கை மட்டும் தன்பாட்டில் கமராவின் ஷட்டர் கேபிளை அழுத்திக்கொண்டிருந்தது. கமராவின் திரையை நான் பார்க்கவே இல்லை. பில்டர் வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். அந்த வெள்ளைத் தும்போ சூரியத் தட்டைவிடப் பத்து லட்சம் மடங்களவு மங்கல், ஏறக்குறைய ஒரு முழுநிலவின் வெளிச்சம். இரண்டையும் சேர்த்தால் என்ன வரும்? அதுதான் வந்தது. இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றது முழுமை. பிறகு வலப்பக்கக் கீழ் ஓரத்தில் வைரம்போல் ஒரு சொட்டு வெடித்து, எல்லோரும் கண்ணாடியைப் போட்டார்கள்.

திரும்பி வருவது நல்லூர்த் தேர் முடிந்து எல்லோரும் ஒரே ஒழுங்கையால் வெளியேறுவதுபோல. கோப்பிக் கடையில்கூடக் கோப்பி முடிந்துவிட்டது. கார் நகராமல் நின்ற ஓர் இடத்தில்தான் கமராவை எடுத்துப் பார்த்தேன். பேசாமல் திரும்ப பையில் வைத்தேன். அண்ணன் கண்டுவிட்டான், ஆனால் அன்றைக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் சொன்னான், நிறையச் சொன்னான்.

காரில் இருந்தே அம்மாவுக்கு எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் சாமம் தாண்டி இரண்டரை மணி, அவ முழித்திருந்தா. இலங்கையில் முழுக் கிரகணம் விழுந்தது 1955 ஜூன் 20 காலையில், பொலன்னறுவைப் பக்கம். அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. ஆச்சி பிள்ளைகள் எல்லாரையும் அறைக்குள் விட்டு யன்னலையும் சாத்திவிட்டாவாம். எங்கள் பக்கம் எவ்வளவு மறைந்தது என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது.

"முழுசா மறைஞ்சுதோ?"

"முழுசா மறைஞ்சுது அம்மா."

"பகலில நட்சத்திரம் தெரிஞ்சுதோ?"

"வெள்ளி தெரிஞ்சுது. வியாழனும்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"படம் எடுத்தனியோ?"

"விழேல்லை."

"அப்ப இருந்து வடிவாச் சொல்லு, எப்பிடி இருந்தது எண்டு" என்றா. சொன்னேன். பனங்கொட்டை என்றதும் சிரித்தா. கடைசியில், இங்கே தெரியாத கிரகணத்துக்கு இங்கே தோஷம் இல்லை என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கு, ஆனால் நீ அங்கே நின்றனி, தலையில் தண்ணி வார்க்காமல் படுக்கையில் ஏறாதே என்றா.

ஸ்காபரோ வந்து சேர விடியப்புறம் மூன்று மணி. குளித்துவிட்டுத்தான் படுத்தேன்.