கைக்குழந்தைக்கு ஒரு கால்ஷீட்

ஜூன் 3
குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும் காட்சி. அதற்கு நாலு மாசக் குழந்தை கிடைத்துவிட்டது. "கலெக்டர் பெர்மிஷன் என் பொறுப்பு தம்பி" என்றார் மேனேஜர் அண்ணன். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளை எடுத்துப் படித்தேன். நாளுக்கு 5 மணி நேரம், ஓய்வில்லாமல் 3 மணிக்கு மேல் கூடாது, சம்பளத்தில் 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கி வைப்பு. நல்லதுதான். ஆனால் 13 வயதுப் பையனுக்கும் அதே 5 மணி, பால்குடிக் குழந்தைக்கும் அதே 5 மணியா?

ஜூன் 5
கலிஃபோர்னியாவில் ஆறு மாதம் வரையான குழந்தை செட்டில் இருக்கலாம் 2 மணி நேரம். கேமரா முன்னால் 20 நிமிடம்தான். பளீர் வெளிச்சம் ஒரு தடவைக்கு 30 விநாடி. ஒரே வேஷத்துக்கு இரட்டைக் குழந்தைகளைத் தேடுவது இதனால்தான். டைரக்டரிடம் சொன்னேன். "ரெட்டைக்கு நான் எங்கய்யா போவேன்?" என்றார். இரட்டை வேண்டாம் சார், பொம்மை போதும் என்று ஷாட் பிரித்துக் கொடுத்தேன். வைட், முதுகுப்பக்கம், புகை எல்லாம் பொம்மை. முகம் தெரியும் இரண்டு க்ளோஸப்புக்கு மட்டும் பாப்பா.

ஜூன் 11
ஷூட்டிங். லைட்டிங் முழுக்கப் பொம்மையை வைத்தே முடித்துவிட்டுத்தான் பாப்பாவைக் கூப்பிட்டோம். அதுவரை ஏசி அறையில் அம்மா மடியில் தூக்கம். தாத்தா வேஷக்காரருக்கு இருமல். அவர் பக்கத்து ஷாட்டைத் தனியாக எடுத்தோம், முணுமுணுத்தார். தொடர்பில் வருகிறவர்களுக்குத் தொற்று இல்லை என்ற மருத்துவச் சான்று வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல் வரைவே சொல்கிறது; நான் இட்டுக்கட்டவில்லை. ஹீரோயின் அக்கா சொல்லாமலே வளையலைக் கழற்றி, கை கழுவிவிட்டு வந்தார். சென்ட்டும் போடவில்லை.

"வீட்ல தினமும் சாம்பிராணி போடுறதுதானே, இங்கயும் போடுங்க" என்றார் பாப்பாவின் அம்மா. வீட்டில் ஒரு தடவை காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். இங்கே டேக்குக்கு டேக் மூட்டம் போடுவோம். வேண்டாம்மா என்றேன்.

டைரக்டர் அழுகை கேட்டார். பாப்பா சிரித்துக்கொண்டே இருந்தது. "லேசாக் கிள்ளினா அழுதுட்டுப் போவுது" என்று ஒரு குரல், பின்னாலிருந்து. ஜோக்காம். அழுகைச் சத்தம் எப்படியும் டப்பிங்கில்தானே போடுகிறோம்! சுளித்த முகம் ஒன்று கிடைத்ததும் கட் சொல்ல வைத்தேன். ஒன் மோர் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

ஜூன் 14
மேனேஜர் அண்ணனிடம் 20 சதவீத வங்கி ரசீது கேட்டேன். "பேமென்ட்டே இன்னும் செட்டில் ஆகலை தம்பி." திங்கட்கிழமை மறுபடி கேட்க வேண்டும். பாப்பாவின் அம்மாவுக்கும் போன் போட்டு, கணக்கு எண் வரும்வரை விடாதீங்க என்று சொல்லிவிட்டேன்.