ஆசியவியல் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் அசோசியேஷன் ஃபார் ஏஷியன் ஸ்டடீஸ் ஆண்டு மாநாடு வழக்கமாக மார்ச்சில். ஆனால் கட்டுரைச் சுருக்கம் அனுப்பும் கெடு முந்தைய கோடையிலேயே முடிந்துவிடும். ஜனவரியில் யோசித்தால் அந்த ஆண்டு போயிற்று.

தனிக் கட்டுரையாக அனுப்பாதீர்கள், அமர்வாகச் சேர்ந்து அனுப்புங்கள். கட்டுரையாளர்கள் மூன்று நான்கு பேர், ஒரு தலைவர், கட்டுரைகளைப் படித்து அமர்வில் கருத்துச் சொல்லும் ஒரு கருத்துரையாளர். எல்லாரும் ஒரே பல்கலைக்கழகத்தவர் என்றால் எடுபடுவது கடினம். பல அமர்வுகள் அடிபடுவது வேறொரு காரணத்தால்: ஆளுக்கொரு திசையில் எழுதிய சுருக்கங்கள், அவற்றை இணைக்கும் கேள்வியே இல்லை. அந்தக் கேள்வியை முதலில் எழுதுங்கள், பிறகு ஆள் தேடுங்கள்.

கருத்துரையாளர் தேர்வுதான் உண்மையான அறிமுக வாய்ப்பு. உங்கள் ஆய்வேட்டை யார் படிக்க வேண்டும் என்று ஏங்குகிறீர்களோ அவரையே கேளுங்கள். கூச்சமே வேண்டாம், கேட்டால் பலரும் ஒப்புக்கொள்வார்கள். முழுக் கட்டுரையை மூன்று வாரம் முன்பே அவர் கையில் சேர்த்துவிடுங்கள். முதல் நாள் இரவு அனுப்பினால் மேலோட்டமான பாராட்டுதான் கிடைக்கும்.

பயண உதவித்தொகைக்குப் பெரும்பாலும் தனி விண்ணப்பம், தனிக் கெடு. அமெரிக்க விசா இழுபறி என்றால் நெதர்லாந்தின் லெய்டனில் உள்ள சர்வதேச ஆசியவியல் நிறுவனம் முன்னின்று நடத்தும் ஐகாஸ் (ICAS) என்ற ஆசிய ஆய்வாளர்களின் சர்வதேச மாநாட்டைப் பாருங்கள். 1998இல் தொடங்கியது, 2024இல் இந்தோனேசியாவின் சுரபயாவில் கூடியது.