அதிகம் சுடுவது அதைத்தான், ஆனால் உன்னை வாங்கச் சொல்லமாட்டேன்

"9 எம்.எம். கார்பைன் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், உன்னுது எப்படிடா இருக்கு?" என்று போன வாரம் ஒரு நண்பன் கேட்டான். நல்லா இருக்கு என்றேன். அப்போ வாங்கிடவா என்றான். வேண்டாம் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கத்தான் செய்வான், சுடும் பயிற்சிக்கான ரேஞ்சுக்குக் கிளம்பும்போதெல்லாம் என் வண்டியில் முதலில் ஏறுவது அந்தக் கார்பைன்தான் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கு உட்கார்ந்து விளக்க நேரமில்லை, அதனால் இங்கே.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. கைத்துப்பாக்கியில் போடுகிற அதே தோட்டாவை, தோளில் வைத்துச் சுடும் நீளமான துப்பாக்கியில் போட்டால் அதுதான் பிஸ்டல் காலிபர் கார்பைன். பெரும்பாலும் 9 எம்.எம்., சிலதில் .45 ஏ.சி.பி., 10 எம்.எம்.; லீவர் இழுத்துச் சுடும் வகையில் .357 மேக்னம், .44 மேக்னம். இவையெல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள். யோசனை ஒன்றும் புதிதில்லை. வின்செஸ்டர் 1873 மாடல் ரைஃபிளோடு வந்த .44-40 தோட்டாவுக்குச் சில வருஷங்களிலேயே கோல்ட் நிறுவனமும் ரிவால்வர் செய்து விற்றது. குதிரையில் போகிறவன் இடுப்பில் ஒரே வகைத் தோட்டா கட்டிக்கொண்டால் போதும், இரண்டுக்கும் ஆச்சு.

நான் வாங்கியதும் அதே கணக்கில்தான். என்னிடம் ஏற்கெனவே ஒரு க்ளாக் பிஸ்டல் இருந்தது, அதன் 17 தோட்டா மேகசின்கள், அதாவது தோட்டா அடுக்கிச் செருகும் பெட்டிகள், ஏழோ எட்டோ கிடந்தன. அந்த மேகசினையே ஏற்கும் கார்பைன் வாங்கினால் தோட்டாவும் ஒன்று, மேகசினும் ஒன்று. சொல்லும்போது இது ஏதோ சின்ன வசதி மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு துப்பாக்கிக்கு இரண்டு விதப் பெட்டி, இரண்டு விதப் பை என்று தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ரூகரின் பி.சி. கார்பைன் மாதிரி சிலதில் மேகசின் நுழையும் பகுதியையே கழற்றி மாற்றி வேறு பிராண்டு மேகசினுக்கும் பழக்கிக்கொள்ளலாம். கெல்-டெக் சப்-2000 பாதியாக மடிந்து சாதாரண முதுகுப் பைக்குள் போய்விடும். ரைஃபிள் தோட்டா போடும் துப்பாக்கிகளில் இந்த அளவு விளையாட்டு கிடையாது.

சரி, முதல் நாள் கதைக்கு வருகிறேன். மூன்று கிலோ எடையுள்ள துப்பாக்கி, அதில் பிஸ்டல் தோட்டா, உதைப்பே இருக்காது என்ற நினைப்பில் தோளில் லேசாகச் சாய்த்து வைத்துச் சுட்டேன். ஒன்றல்ல, மூன்று அசைவு வந்தது: முதலில் ஒரு தள்ளு, உடனே பின்னால் போய் எதிலோ இடிக்கிற ஒரு தட்டு, அப்புறம் போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்புத் துண்டு) திரும்பி வந்து மூடும்போது முனை கொஞ்சம் குனிகிறது. வலிக்கவில்லை. ஆனால் ஏமாற்றமாக இருந்தது. பக்கத்தில் என் ஏ.ஆர்-15 ரைஃபிள் இருந்தது, மூன்று மடங்கு சக்தியுள்ள தோட்டாவைச் சுடும் அது இதைவிட மென்மையாக உதைக்கிறது என்றால் என்ன நியாயம்?

காரணம் எளிமையானது. ஏ.ஆர்-15 மாதிரித் துப்பாக்கிகளில் சுடும் நேரத்தில் போல்ட் பூட்டிக்கொண்டிருக்கும், குண்டு கடந்துபோன பிறகு குழலிலிருந்து எடுக்கும் வாயு அதைத் திறக்கும். விலை குறைந்த 9 எம்.எம். கார்பைன்கள் பெரும்பாலானவற்றில் பூட்டே கிடையாது. போல்ட்டின் எடையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும்தான் அழுத்தம் இறங்கும்வரை தோட்டாவைப் பிடித்து வைக்கின்றன. இதை ப்ளோபேக் என்பார்கள். பிடித்து வைக்க எடை வேண்டும், அதனால் போல்ட் கனமான இரும்புக் கட்டியாக இருக்கிறது, அந்தக் கட்டி ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஓடும்போது நாம் உணர்வது பாதிக்கு மேல் அதைத்தான். எம்.பி.5 என்ற துப்பாக்கிக் குடும்பத்தில் உருளைகளை வைத்துப் போல்ட்டைத் தாமதப்படுத்துகிறார்கள், சிக் நிறுவனத்தின் எம்.பி.எக்ஸில் வாயு பிஸ்டனும் சுழலும் போல்ட்டும் இருக்கின்றன. இரண்டும் வெண்ணெய் மாதிரிச் சுடும், விலையைக் கேட்டால் மட்டும் தோளுக்குப் பதிலாக நெஞ்சில் உதைக்கும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் அதையே தூக்கிக்கொண்டு போகிறாய் என்றால், முதல் பதில் என் மனைவி. பிஸ்டல் அவளுக்கு ஆகவே ஆகாது. விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வாள், மணிக்கட்டு கீழே போகும், குண்டு குறி அட்டைக்கு முன்னால் தரையில் மண்ணைக் கிளப்பும். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாயிற்று, மூன்று மாதம் ஆகியும் முன்னேற்றமில்லை. கார்பைனைக் கையில் கொடுத்த அன்று முதல் மேகசினிலேயே 25 கஜத்தில் இருந்த இரும்புத் தட்டை விடாமல் அடித்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் டிங், டிங் என்று சத்தம் வர வர அவள் தோள் இறங்கித் தளர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "உங்க பிஸ்டலை நீங்களே வெச்சுக்கோங்க, இனிமே இது என்னுது" என்றாள். இதில் மாயம் எதுவும் இல்லை. பிஸ்டலைப் பிடிப்பது இரண்டு கை மட்டும். இதில் இரண்டு கையோடு தோளும் கன்னமும் சேர்ந்து நான்கு இடத்தில் துப்பாக்கி ஊன்றி நிற்கிறது, மேலே ஒரு ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) இருந்தால் புள்ளியைத் தட்டின் மேல் வைத்து விசையை அழுத்தினால் போதும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார், .22 ரைஃபிளைத் தவிர, எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது, இடம். உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதி கிடையாது, பிஸ்டல் தோட்டாவுக்கு உண்டு. இரும்புத் தட்டு விஷயமும் அப்படியே. 5.56 ரைஃபிள் குண்டைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் நல்ல தட்டே குழி விழுந்து போகும், குழி விழுந்த தட்டிலிருந்து சிதறல் எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. 9 எம்.எம். என்றால் தகுந்த இடைவெளி விட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தட்டடிக்கலாம். சத்தமும் குறைவுதான். காதுக்குக் கவசம் கட்டாயம் வேண்டும், அதில் பேச்சே இல்லை, ஆனால் பக்கத்துத் தடத்தில் குட்டைக் குழல் 5.56 வெடிக்கும்போது நெஞ்சுக்கூட்டில் அறைகிற அந்தக் காற்று இதில் வராது. அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிகளை நடத்தும் யு.எஸ்.பி.எஸ்.ஏ. அமைப்பு 2016இல் இந்தத் துப்பாக்கிகளுக்கென்றே போட்டியில் தனிப் பிரிவு தொடங்கியதற்கும் இந்தச் சௌகரியங்கள்தான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இனி சக்தி. இங்கேதான் விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நீளமான குழல், அதனால் பிஸ்டல் தோட்டா ரைஃபிள் ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆகாது. 115 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) 9 எம்.எம். குண்டு, பிஸ்டலில் வினாடிக்குச் சுமார் 1,150 அடி வேகத்தில் போகும் என்றால் 16 அங்குலக் குழலில் 1,300, நல்ல சரக்காக இருந்தால் அதற்குச் சற்று மேல். 147 கிரெயின் கனமான குண்டுக்கு அந்த லாபம்கூடப் பெரிதாக இல்லை. 9 எம்.எம். தோட்டாவுக்குள் இருப்பது சிறுகுழலுக்கென்று வேகமாக எரியும் வெடிமருந்து, பத்துப் பன்னிரண்டு அங்குலத்துக்குள் அதன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மீதி நாலு அங்குலம் எதற்கு? சட்டத்துக்கு. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளுக்குத் தனிப் பதிவு வேண்டும், அதனால் தயாரிப்பாளர்கள் 16க்கு ஒரு நூல் மேலே வைத்து விற்கிறார்கள். குண்டுக்குத் தேவையில்லாத இரும்பை நாம் சுமந்து திரிகிறோம்.

.357 மேக்னம் மட்டும் விதிவிலக்கு. அதில் மெதுவாக எரியும் மருந்து நிறைய இருக்கிறது, லீவர் கார்பைனின் நீளக் குழலில் 158 கிரெயின் குண்டு ரிவால்வரைவிட வினாடிக்கு 400, 500 அடி கூடுதலாகப் போகும். அதே துப்பாக்கியில் சாதுவான .38 ஸ்பெஷல் தோட்டாவும் போட்டுக்கொள்ளலாம். "கார்பைன் ஆக்கியதால் உண்மையில் என்ன கிடைத்தது" என்று கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்று அடிக்கடி தோன்றும். மேகசின் மாற்றும் சுகம் அதில் இல்லை, அது வேறு விஷயம்.

தூரமும் அப்படித்தான். 50 கஜத்தில் சரிபார்த்து வைத்த என் கார்பைன் 100 கஜத்தில் ஐந்தாறு அங்குலம் கீழே அடிக்கும், 150 கஜத்தில் ஒன்றரை அடிக்கும் மேல் இறங்கிவிடும். பக்கத்தில் 5.56 வைத்திருப்பவன் 100, 150, 200 என்று புள்ளியைக் கிட்டத்தட்ட அசைக்காமல் அடித்துக்கொண்டு போவான். இன்னொன்று, ரெட் டாட் குழலுக்கு இரண்டு அங்குலத்துக்கும் மேல் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் ஐந்து கஜத்தில் குண்டு ஏறக்குறைய அந்த அளவே கீழே விழும். முதல் நாள் கிட்டத்தில் வைத்த அட்டையில் நெற்றியைக் குறிவைத்து மூக்கில் அடித்துவிட்டு, சைட் கோணலோ என்று அரைமணி நேரம் திருகிக்கொண்டிருந்தேன். கோணல் நான்தான்.

சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. பூட்டில்லாத போல்ட் சீக்கிரமே திறப்பதால் கரியும் வாயுவும் பின்பக்கமாக வரும். இருநூறு குண்டு சுட்டுவிட்டு முகத்தைத் துடைத்தால் கைக்குட்டையில் வலது கன்னத்தின் தடம் கறுப்பாகத் தெரியும், மேகசின்களுக்குள்ளும் அதே கரிதான். சுத்தம் செய்யும் வேலை பிஸ்டலைப் போல இரண்டு மடங்கு. என்னுடையதில் கடைசித் தோட்டா போன பிறகு போல்ட் திறந்து நிற்காது, விசையை அழுத்தி 'டிக்' என்று வெறும் சத்தம் வந்தால்தான் மேகசின் தீர்ந்தது தெரியும். இப்படிப்பட்ட கார்பைன்கள் பல உண்டு, வாங்கும் முன் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை.

வீட்டுப் பாதுகாப்புக்கு நல்லது, பிஸ்டல் குண்டு மெதுவாகப் போவதால் சுவரோடு நின்றுவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இது தப்பு, ஆபத்தான தப்பும்கூட. மெல்லிய உட்சுவர்களை 9 எம்.எம். சுலபமாகத் துளைத்துக்கொண்டு போகும், லேசான 5.56 குண்டுகள் சில அதே சுவரில் உடைந்து சிதறி அதைவிடச் சீக்கிரம் வலுவிழக்கும். தவறவிட்ட குண்டு அடுத்த அறைக்குள் போகும் என்ற நினைப்போடுதான் எந்தத் துப்பாக்கியையும் எடுக்க வேண்டும்.

இப்போது நண்பன் விஷயம். அவனிடம் பிஸ்டலும் கிடையாது, ரைஃபிளும் கிடையாது. வீட்டுக்கு ஒரே ஒரு துப்பாக்கி, அது எல்லாவற்றுக்கும் ஆக வேண்டும் என்பது அவன் கணக்கு. பூட்டி வைக்க எடுத்துக்கொள்ளும் இடத்திலும் தூக்கும் எடையிலும் கார்பைன் ஒரு ரைஃபிளுக்குச் சமம், சக்தியில் பிஸ்டலுக்குக் கொஞ்சம் மேல். பொருந்தும் மேகசின்களும் பெட்டி பெட்டியாக 9 எம்.எம். தோட்டாவும் ஏற்கெனவே வீட்டில் கிடந்ததால்தான் எனக்கு அது கட்டுப்படியானது. அவனுக்கு அந்தப் பாதி லாபம் கிடைக்காது. முதல் துப்பாக்கியாக ரைஃபிளை எடு, கையில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் பிஸ்டலை எடு, இது மூன்றாவதாக வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அவன் நம்பவில்லை. வருகிற சனிக்கிழமை ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏ.ஆரையும் கார்பைனையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், கார்பைனை என் மனைவி கையிலிருந்து வாங்க முடிந்தால்.