ஒலிபெருக்கியில் வந்த இணையம்

எங்கள் பக்கத்துக்கு இணையம் முதலில் ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்தது. கேட்டால் நம்பமாட்டீர்கள்.

1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம், சுற்று ஊர்களில் கிளைகள். ஏம்பலத்தில் கோயில் இடத்திலேயே கம்ப்யூட்டர் வைத்தார்கள். இடமும் ஆளும் ஊர் தரவேண்டும், எந்தச் சாதிக்காரரும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ளவேண்டும், அதுதான் நிபந்தனை. அந்த இரண்டாவது நிபந்தனை எவ்வளவு பெரிய விஷயம் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

அம்மா பிறந்த ஊர் வீராம்பட்டினம். அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் எழுதி, அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். லீவுக்குப் போகும்போது நானே கேட்டிருக்கிறேன். வலையைக் கோத்துக்கொண்டிருக்கும் மாமா அறிவிப்பு வந்ததும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அப்படியே நிறுத்திவிடுவார், முடிந்தபிறகு கடலை ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம்தான் விடிகாலையில் போவதா வேண்டாமா என்று அத்தையிடம் சொல்வார்.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு ஊரைக் காப்பாற்றியதும் இதே மாதிரி ஒரு ஒலிபெருக்கிதான். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போட, ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் எல்லோரையும் ஓடச் சொல்லி அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் இருந்த ஊர், உயிர்ச்சேதம் இல்லை.

இப்போது எல்லார் கையிலும் போன். 2016இல் ஜியோ வந்த பிறகு டேட்டா ஒரு செலவாகவே தெரிவதில்லை. பள்ளிக்கூடம் பாதியில் விட்ட அம்மா மைக் பொத்தானை அழுத்தி, "இன்னிக்கு மழை வருமா" என்று கேட்கிறார், பதில் தமிழிலேயே வருகிறது. புதுக்கோட்டைப் பக்கம் சின்னவீரமங்கலத்துத் தாத்தா வயலில் சமைக்கும் வீடியோவைப் பார்த்துக் குழம்பு வைக்கிறார். எனக்கு இதில் உண்மையாகவே சந்தோஷம்.

ஆனால் போன மழைக்காலத்தில் ஒன்று நடந்தது. புயல் கரையை உடைக்கிற ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது, "நம்ம பக்கம்தான், யாரும் கடலுக்குப் போகாதீங்க" என்று மேலே ஒரு தமிழ்க் குரல். அம்மா பதறிப்போய் மாமாவுக்கு போன் செய்து போகவிடாமல் தடுத்துவிட்டார். அன்று கடல் தொட்டித் தண்ணீர் மாதிரி கிடந்தது, போனவர்களுக்கு நல்ல மீன்பாடு. சாயங்காலம் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கவிழ்ந்து கிடந்த படகின் பக்கவாட்டில் பேர் மலையாளத்தில் எழுதியிருந்தது.

தமிழில் சொன்னதால்தான் அம்மா நம்பினார். அந்தக் காலத்தில் ஒலிபெருக்கியில் பேசிய குரலும் தமிழ்தான், ஆனால் அது யார் வீட்டுப் பெண் என்று தெருவுக்கே தெரியும். அலை தப்பாகிப்போனால் மறுநாள் காலையில் நேரே போய்க் கேட்கலாம், அவளும் பதில் சொல்லவேண்டும். இன்று தமிழ் ஏராளமாக வருகிறது, யாரைப் போய்க் கேட்பது? சேனல்களுக்கு எங்கள் ஊர் புயல் வந்தால் மட்டும்தான் கண்ணில் படுகிறது. சாதாரண நாளில் காற்று எப்படி, மீன் என்ன விலை, ரேஷன் கடை திறந்திருக்கிறதா, இதெல்லாம் யாருக்கும் செய்தி இல்லை. அந்த அறிவு மையக்காரர்கள் 'நம்ம ஊரு செய்தி' என்று மாதம் இரண்டு முறை ஒரு பத்திரிகையே போட்டார்கள், அந்த மாதிரி ஒன்று இந்தப் போனுக்குள் ஏன் இல்லை என்று எனக்கு ஆறவே இல்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாமா மருமகள், எனக்கு அண்ணி முறை, ஒரு வேலை செய்கிறார். தினமும் சாயங்காலம் ஐதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் முன்னறிவிப்பைப் பார்த்து, எங்கள் பேச்சில் ஒரு நிமிஷம் பேசித் தெரு குரூப்பில் போடுகிறார். தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லிவிடுகிறார். மாமாவுக்கு போனில் கேட்கப் பிடிக்காது. அண்ணி பேசும் நேரத்துக்கு வலையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார்.