சி.எஸ்.ஆர். போதும் என்றார்கள்

காரைக்குடியில் வேலை முடிந்து பள்ளத்தூர் திரும்பும் டவுன் பஸ்ஸில் ஒருவன் உரசிக்கொண்டே வருவான். நகர்ந்தால் அவனும் நகர்வான். ஒருநாள் இடுப்பில் கையே வைத்துவிட்டான். கத்தினேன். பூக்கூடையோடு நின்ற அக்கா அவன் சட்டையைப் பிடித்தார். திமிறிக்கொண்டு கோட்டையூரில் இறங்கி ஓடினான். அதற்குள் போனில் முகத்தை எடுத்துவிட்டேன்.

வீட்டைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "வரன் பாக்கிற நேரத்துல இதெல்லாம் தேவையா?" என்றார் அம்மா. அப்பத்தாதான், "கை வச்சவன் ஒளியட்டும், நீ போயி எழுதிக் குடு ஆத்தா" என்றது.

புகாரில் 'தகாத முறையில் நடந்தார்' என்று மழுப்பவில்லை. எங்கே தொட்டான், காதருகே என்ன சொன்னான் என்று அப்படியே எழுதினேன். கூசத்தான் செய்தது. ஆனால் வழக்கின் பிரிவு அந்த வரிகளை வைத்துத்தான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தொட்டதற்குப் பிரிவு 74, விடாமல் பின்தொடர்வதற்கு 78, ஆபாசப் பேச்சுக்கு 79. பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1998-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றும் உண்டு.

காவல் நிலையத்தில் போலீஸார் குரல் உயர்த்தவே இல்லை, அது ஒரு தந்திரம். "கூட்டம்னா இடிக்கும்மா. சி.எஸ்.ஆர். தர்றோம், கூப்பிட்டுக் கண்டிச்சு விட்டுடறோம்" என்றார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீதுதான், வழக்கு ஆகாது. வக்கீலான மாமா மகள் சொல்லி அனுப்பியிருந்தாள்: இது வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம், எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும், மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதைச் சொன்னதும் சற்று நேரம் உள்ளே பேச்சு நடந்தது. அப்புறம் ஒரு பெண் காவலர் வந்து வாக்குமூலம் எழுதினார். சட்டப்படி இந்த மாதிரிப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். கேட்டபிறகு தந்தார்கள்.

பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, நிதானமாகக் கேட்டார்கள்.

பூக்கார அக்காதான் சாட்சி சொல்லத் தயங்கினார். போலீஸ் விசாரணைக்குப் பெண்களை நிலையத்துக்கு அலைய விடக்கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்று விளக்கியபின், "சரி, வரட்டும், சொல்றேன்" என்றார்.

நடுவே அவன் சொந்தக்காரர்கள் பழத்தட்டோடு வந்து, "பையன் வாழ்க்கை போயிடும்" என்று கெஞ்சினார்கள். அப்பத்தா தட்டைத் தொடவே இல்லை. வழக்கு இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது.