எத்தனை வர வேண்டும், அக்கா?

அவள் கேட்டது அந்த ஒரு கேள்விதான். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். கேலி இல்லை, குத்தலும் இல்லை. உலைக்கு எத்தனை ஆழாக்கு அரிசி என்று வீட்டில் கேட்பது போல இருந்தது. எம்.எஸ்ஸி. இறுதி ஆண்டுப் பெண். ப்ராஜெக்டுக்காக ஆறு மாதம் என்னிடம் விடப்பட்டிருந்தாள். நானோ ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை முடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

தட்டில் இருந்தது 48 மணி நேரக் கோழிக் கரு. பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாயின் இருபுறமும் சோமைட்டுகள் என்னும் சிறு திசுக்கட்டிகள் மணி கோத்தது போல ஜோடி ஜோடியாக நிற்கும். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி புதிதாகச் சேரும். எண்ணிவிட்டால் கரு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். மருந்து செலுத்திய முட்டைகளில் வளர்ச்சி பின்தங்கும் என்பதுதான் என் மூன்றாம் அத்தியாயம். அன்று கன்ட்ரோல் முட்டைகளில், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க மருந்து செலுத்தாமல் வைத்தவற்றில், 19, 20 என்று வந்துகொண்டிருந்தது. மருந்து முட்டைகளில் 16, 17. நடுவே மருந்து முட்டை ஒன்றை எண்ணிவிட்டு அவள் 19 என்றாள்.

"இன்னொரு முறை எண்ணிப் பார்" என்றேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி.

"கண்ணுக்குத் தெரிவதை எழுது" என்று பதில் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன் என்று இத்தனை வருடமாக நம்பி வருகிறேன். ஆனால் அதற்கு முன்பே, "இது மருந்து முட்டைதானே?" என்று கேட்டிருந்தேனா? கேட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. கேட்டிருந்தால் அவளுக்கு வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிட்டது. அவள் மறுபடி குனிந்தாள், கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள், 17 என்றாள். நோட்டில் 19ஐ ஒரே கோட்டால் அடித்துவிட்டு மேலே 17 என்று எழுதினாள். வெள்ளை மை பூசாதே, அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். சோமைட் எண்ணுவது பார்ப்பதற்குத்தான் சுலபம். முன்னால் உள்ள முதல் ஜோடி நாளாவட்டத்தில் மங்கிவிடும். வால்பக்கத்தில் கடைசியாக இருப்பது முழுதாகப் பிரிந்துவிட்டதா, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு அபிப்பிராயம் இருக்கும். போதாக்குறைக்கு அது மே மாதம். முட்டைகள் நாமக்கல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தவை. வெயிலில் சூடேறினால் இன்குபேட்டரைக் காணும் முன்பே உள்ளே கரு வளர ஆரம்பித்துவிடும். நாம் 48 மணி நேரம் என்று சீட்டு ஒட்டினாலும் கருவின் கணக்கு வேறாக இருக்கும். ஹாம்பர்கர், ஹாமில்டன் என்ற இரு கருவியலாளர்கள் 1951இல் கோழிக் கருவின் வளர்ச்சியை மணிக்கணக்கை நம்பாமல், உருவத்தை வைத்து 46 நிலைகளாகப் பிரித்ததற்கு இந்த மாதிரித் தொல்லைகளும் காரணம். 16 ஜோடி என்றால் 12ஆம் நிலை, 19 என்றால் 13ஆம் நிலை. இரண்டு ஜோடி வித்தியாசம் என்பது மூன்று மணி நேரம். பஸ் நிலையத்து வெயிலில் பெட்டி கிடந்தால் அவ்வளவு முன்னேற்றம் வராதா? ஆகவே சந்தேகம் வந்தால் மறுபடி எண்ணச் சொல்வது முறைதான். எந்த கைடும் அதைத்தான் சொல்வார்.

சரி. ஆனால் மறுநாள் அவள் ஒரு மருந்து முட்டையில் 14 என்றாள். அதுவும் மற்றவற்றோடு சேராத எண்தான். நான் எண்ணிப் பார் என்று சொல்லவில்லை. எழுதிக்கொள் என்றேன்.

பிறகு ஒரு நாள் இரவு அந்த 17ஐ எடுத்துவிட்டு 19ஐப் போட்டுக் கணக்கிட்டுப் பார்த்தேன். சராசரி கொஞ்சம் நகர்ந்தது, முடிவு மாறவில்லை. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அடித்து எழுதியது ஒன்றுதான்; அதனால் கண்ணில் பட்டது. எனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு, நான் பக்கத்தில் இல்லாத நாட்களில், முதல் எண்ணிக்கையையே எனக்குத் தோதாக எண்ணியவை எத்தனை? அதற்கு அடித்தல் இருக்காதே.

இப்போது நான் வகுப்பெடுக்கிறேன். வருடம் தவறாமல் ஹில்டே மங்கோல்ட் என்ற ஜெர்மன் ஆய்வு மாணவியின் கதையைச் சொல்வேன். ஃப்ரைபர்கில் பேராசிரியர் ஸ்பீமனிடம் முனைவர் பட்டத்துக்காக, பல்லி போன்ற நீர்நில உயிரியான நியூட்டின் ஒரு கருவிலிருந்து திசுவை எடுத்து இன்னொரு கருவில் ஒட்டு வைத்தது அவர் கை. 1924இல் கட்டுரை வந்தபோது ஸ்பீமன் பெயர் முன்னால், அவர் பெயர் பின்னால். அதே வருடம் தீக்காயத்தில் இறந்துபோனார். 1935இல் நோபல் பரிசு ஸ்பீமனுக்கு. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும் என்று மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதாகக் கேள்வி. என் மூன்றாம் அத்தியாயத்தின் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் அந்தப் பெண் எண்ணியது. அவள் பெயர் நன்றியுரையில், கண்ணாடிச் சாமான் கழுவிய அண்ணனுக்கு அடுத்த வரியில் இருக்கிறது.

இப்போதெல்லாம் முட்டை ஓட்டில் பென்சிலால் எண் மட்டும்தான் எழுத வைக்கிறேன். எது மருந்து, எது கன்ட்ரோல் என்பது என் மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கும். இதை அன்றே செய்திருக்கலாம். அப்போது எங்களில் யாரும் செய்யவில்லை என்பது உண்மை. அது ஒரு காரணமாகுமா என்று தெரியவில்லை.

அந்தக் கருவைப் பிற்பாடு கார்மைன் சாயமேற்றி ஸ்லைடாக்கி வைத்திருந்தோம். சென்ற வருடம் அலமாரி மாற்றியபோது பெட்டி அகப்பட்டது. லேபிளில் அவள் கையெழுத்து. வைத்து எண்ணினேன். 18 வந்தது. நம்பிக்கை வராமல் மறுநாள் காலையில் எண்ணினேன். ஸ்லைடை ஒட்டிய பால்சம் பிசின் மஞ்சளாகிவிட்டது, வால்பக்கம் தெளிவில்லை; 18, இல்லையென்றால் 19.

அந்தப் பக்கமாக வந்த ஆய்வு மாணவனைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "18" என்றான். பிறகு, "சரியா, மேடம்?" என்றான்.

சரி என்று சொல்லிவிட்டேன்.