டயப்பரும் ஊறுகாயும்

செப்டம்பர் 1. 1923 காந்தோ நிலநடுக்கத்தின் நினைவாக ஜப்பானில் பேரிடர்த் தடுப்பு நாள். எங்கள் டோக்கியோ வீட்டில் இது அவசரப் பையைப் பிரித்துக் கொட்டும் நாள். போன சில வருஷம் டிமிக்கி கொடுத்துவிட்டோம், ஒப்புக்கொள்கிறேன்.

திறந்தால் மகளின் கைக்குழந்தை டயப்பர்! அவள் இப்போது இரண்டாம் வகுப்பு. டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது.

தண்ணீர் கணக்கு: ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், குறைந்தது 3 நாளுக்கு. மூன்று பேருக்கு 27 லிட்டர். அதைச் சுமந்துகொண்டு ஐந்தாம் மாடியிலிருந்து யார் இறங்குவது? பையில் ஆளுக்கு இரண்டு அரை லிட்டர் பாட்டில், மீதி கட்டிலுக்கு அடியில்.

சாப்பாட்டுக்கு 'அல்ஃபா' அரிசி பாக்கெட், அதாவது வேகவைத்து உலர்த்திய அரிசி. வெந்நீர் ஊற்றினால் கால் மணி நேரம், பச்சைத் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம்; சோறு தயார். ருசி? அதற்குத்தான் மாங்காய் ஊறுகாய் பாக்கெட் நான்கை உள்ளே செருகினேன். வீட்டுக்காரர் முறைத்தார். அவர் வைத்தது கழிப்பறைப் பைகள் (கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால் பயன்படுத்த), விசில், பொதுத் தொலைபேசிக்கு 10 யென் சில்லறை. நல்ல மனிதர்தான், ரசனை மட்டும் போதாது.

கண்ணாடி உடைந்து கிடந்தால் மிதித்து ஓட, கட்டிலருகே பழைய ஷூ மூன்று ஜோடி. மகள் தன் ஷூவுக்குள் கரடி பொம்மையைப் படுக்க வைத்திருக்கிறாள்.